நாயும் குடும்பமும் ஒரே படத்தில்: மார்கழிப் பனியிலிருந்து ஐப்பசி மழை வரை

நாய்களை வெளியில் வைத்துப் படம் எடுப்பது எப்படி என்று தேடினால், சிவந்து உதிரும் இலைகளும் பனிப்பொழிவும்தான் பாடங்களில் வருகின்றன. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் நமக்கு அந்தக் கணக்கு உதவாது. நமக்கு வாய்த்தவை கத்திரி வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழை, மார்கழிப் பனி. இவற்றை வைத்துத்தான் இந்த வழிகாட்டி. சொந்த நாயை எடுப்பவருக்கும், அக்கம்பக்கத்துக் குடும்பம் கேட்டதால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் இது பொருந்தும்.

நம் ஊரில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாய்க்கு எந்த நேரம் இதமாக இருக்கிறதோ, அந்த நேரத்தில்தான் வெளிச்சமும் நன்றாக இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் நாக்கு நீளும், கண் சுருங்கும், முகத்தில் களைப்பு தெரியும். அதே நேரத்தில் வெளிச்சமும் உச்சியிலிருந்து விழுந்து கண்களுக்குக் கீழே கறுப்பு நிழல் போட ஆரம்பித்துவிடும். அதனால் நாயின் வசதிக்கு நேரம் குறியுங்கள். வெளிச்சத்துக்காகத் தனியாகக் கவலைப்பட வேண்டியிருக்காது.

முந்தைய வாரமே செய்ய வேண்டியவை

எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறீர்களோ, அதே நேரத்தில் நாய் இல்லாமல் ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்பதைவிட முக்கியமாக, அங்கே எந்தத் தெருநாய்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. புது நாய் ஒன்று வந்து நின்றால் அவை சும்மா இருக்காது. அவற்றைக் குறை சொல்லியும் பயனில்லை. நாலைந்து நாய்கள் சுற்றும் இடமென்றால் வேறு இடம் பார்ப்பதே மரியாதை. அவற்றைக் கல்லெறிந்து விரட்டிவிட்டு எடுக்கும் படம் வேண்டாம்.

செடிகளையும் கவனியுங்கள். பூங்காக்களிலும் சாலை நடுவிலும் அழகாகப் பூத்திருக்கும் அரளி நாய்களுக்கு நஞ்சு. எதையும் கடித்துப் பார்க்கும் குட்டியை அதன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டியைப் பொது இடத்துத் தரையில் விடவே வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் கிடக்கும். அந்த வயதுக் குட்டிக்கு வீட்டு வாசலும் மொட்டை மாடியும் போதும்.

குடும்பத்திடம் போனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நாய்க்கு என்ன வயது, எதற்குப் பயப்படும், எதைக் கொடுத்தால் வரும், முன்பின் தெரியாதவர் கிட்டே வந்தால் என்ன செய்யும், ரேபிஸ் ஊசி எப்போது போட்டது. கூச்சப்படாமல் கேளுங்கள். "எங்க புரூனோ ரொம்ப சாது சார்" என்பது பதில் ஆகாது. எதற்குப் பயப்படும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் வேலை நடக்கும்.

உடையைப் பற்றி இரண்டே விஷயம். நாய் கறுப்பு என்றால் மடியில் வைத்துக்கொள்கிறவர் கறுப்பு பேன்ட் போட வேண்டாம், நாய் காணாமல் போய்விடும். பட்டுப் புடவை வேண்டாம், நகம் ஜரிகையில் மாட்டும். பருத்தி, மங்கலான நிறம், உட்கார்ந்து எழ வசதியான உடை. அவ்வளவுதான்.

கேமராவும் செல்போனும்

செல்போன் போதும், தைரியமாக ஆரம்பியுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையருகே வரும். நாயின் கண் உயரம் சுலபமாகக் கிடைக்கும். அகலக் கோணத்தில் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமுக்கு மாற்றிவிட்டு நீங்கள் பின்னால் தள்ளி நில்லுங்கள். பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி காது முடியையும் மீசை முடியையும் தின்றுவிடும். ஓடும் நாய்க்கு அதை அணைத்துவிட்டு, தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சில எண்கள். ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் நாய்க்கு 1/500 நொடி, நடக்கும் நாய்க்கு 1/1000, ஓடி வரும் நாய்க்கு 1/2000. லென்ஸ் துளையின் அளவு, தனி நாய் என்றால் எஃப் 2.8 அல்லது எஃப் 4. குடும்பமும் சேர்ந்தால் எஃப் 5.6. இந்த வேகத்துக்கு விடிகாலையில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 வரை போகும், போகட்டும். புள்ளி விழுந்த படத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், கண் ஆடிப்போன படத்தை எதுவும் செய்ய முடியாது. 2019-க்குப் பிறகு வந்த பல மிரர்லெஸ் கேமராக்களில் விலங்கின் கண்ணைத் தானே பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இருக்கிறது. மெனுவில் மனிதரிலிருந்து விலங்குக்கு மாற்ற வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபிளாஷ் வேண்டாம். நாயின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும்.

நிறத்துக்குத் தக்கபடி வெளிச்சக் கணக்கு மாறும். ராஜபாளையம் நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. அது சட்டகத்தை நிறைத்து நின்றால் கேமரா ஏமாந்து சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, அரை ஸ்டாப்புக்குச் (ஸ்டாப் என்பது வெளிச்சத்தின் அளவுப் படி) சற்று மேல் கூட்டுங்கள், ஆனால் முதுகில் வெயில் பட்ட இடத்தில் முடியின் வரி அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பும் பழுப்புமான கன்னி நாய் நெருக்கமாக நின்றால் அதே அளவு குறையுங்கள். கறுப்பு நாயை எப்போதும் வெளிச்சம் வரும் பக்கம் முகம் திருப்பி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கண் எங்கே, முகம் எங்கே என்று தெரியாது. சிப்பிப்பாறை நாய்க்கு முகமும் இடுப்பும் ஒல்லி. நேரே முன்னாலிருந்து எடுத்தால் எலும்புதான் தெரியும். பக்கவாட்டில் எடுத்தால் அதன் உடல்கோடு முழுதாகக் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்ததும்

முதல் பத்து நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். நாயை நேராகப் பார்க்காமல், அதன் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து குடும்பத்துடன் பேசிக்கொண்டிருங்கள். அது தானாக வந்து மோந்து பார்க்கும். கேமராவைத் தரையில் வைத்து அதையும் மோந்து பார்க்க விடுங்கள். ஷட்டர் சத்தத்தைத் தூரத்திலிருந்து இரண்டு முறை கேட்க வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது.

இங்கே படிக்க வேண்டியது நாயின் உடம்பை. பசி இல்லாதபோது உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா, வால் காலுக்கிடையே போகிறதா? இவை எல்லாமே "எனக்குப் போதும்" என்று அது சொல்கிற விதம். பார்த்த உடனே நிறுத்தி, நாயை நடக்க விடுங்கள். சின்னக் குழந்தைகள் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடிக்கும் படம் எல்லாருக்கும் பிடிக்கும். பல நாய்களுக்கு அது பிடிப்பதில்லை. நாயின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதுகில் கை வைக்கச் சொல்லுங்கள்.

கவனத்தைத் திருப்பச் சத்தம் உதவும், ஆனால் அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். கீச்சுப் பொம்மையைத் தொடர்ந்து அழுத்தினால் சீக்கிரமே நாய் அதைச் சட்டை செய்யாது. எல்லாரும் தயாரான பிறகு, ஒரே ஒரு முறை. நம் வீட்டு நாய்களுக்கு எந்தப் பொம்மையையும் விட பிஸ்கட் பாக்கெட் கசங்கும் சத்தம்தான் காதைத் தூக்க வைக்கும். பந்து எறிவதானால் நீலம் அல்லது மஞ்சள் பந்து கொண்டுபோங்கள். நாய்க்கு அந்த இரண்டு நிறமும் நன்றாகத் தெரியும். பச்சைப் புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தை அது கண்ணால் கண்டுபிடிக்கத் திணறும்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடச் சொல்லிக் கேட்கவே வேண்டாம். மெல்லிய கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டு சட்டகத்துக்கு வெளியே நிற்கட்டும். கயிறு நாயின் உடம்பின் மேலே படாமல் பக்கவாட்டில் போகட்டும். எல்லாம் முடிந்ததும் அதே இடத்திலிருந்து, நாயும் ஆளும் இல்லாமல் வெறும் காட்சியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றை அழிக்க அந்தப் படம் மிகவும் உதவும்.

குடும்பத்தை எப்படி உட்கார வைப்பது

நாயை நடுவில் வையுங்கள், மற்றவர்களை அதன் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் தரையில், அப்பா அம்மா முட்டி போட்டு அல்லது படியில், பாட்டி தாத்தா திண்ணையிலோ கல் பெஞ்சிலோ. முழங்கால் வலிக்கிற பாட்டியைத் தரையில் உட்காரச் சொல்லாதீர்கள். நாயை அவர் பக்கத்தில் பெஞ்சின் மேல் ஏற்றலாம். தலைகள் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால் எல்லார் முகமும் தெளிவாக விழும்.

பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். நம் வீடுகளில் கேமராவைக் கண்டதும் எல்லாரும் விறைத்து நிற்பார்கள். நாயின் பெயர் மணி என்றால், "பாட்டி, என்னைப் பாக்காதீங்க, மணியைப் பாருங்க" என்று சொல்லுங்கள். "மணி என்ன சேட்டை பண்ணினான், சொல்லுங்க" என்று கேளுங்கள். பாட்டி சொல்ல ஆரம்பிப்பார், பேத்தி குறுக்கிடுவாள், நாய் தன் பெயரைக் கேட்டுத் திரும்பும். அந்த நொடிதான் நாம் வந்த காரியம். எல்லாரும் கேமராவைப் பார்க்கும் படத்தையும் ஒன்று எடுத்துவிடுங்கள், தாத்தா கேட்பார்.

நீங்களும் கீழே இறங்க வேண்டும். எலியட் எர்விட் என்ற புகைப்படக்காரர் (1928–2023) வாழ்நாள் முழுவதும் நாய்களை எடுத்தவர். 1974-ல் நியூயார்க்கில் அவர் எடுத்த ஒரு படத்தில் தொப்பி போட்ட குட்டி சிவாவா நாய் நம்மைப் பார்க்கிறது. அதன் பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ், அதற்கும் பக்கத்தில் கிரேட் டேன் நாயின் இரண்டு முன்னங்கால்கள் மட்டும். கேமரா தரையோடு தரையாக இருந்ததால்தான் அந்தச் சின்ன நாய் படத்தின் தலைவன் ஆனது. ஒரு பழைய பாயைச் சுருட்டி எடுத்துப் போங்கள். படுத்து எடுக்கலாம்.

மார்கழி, தை

ஆண்டிலேயே நல்ல காலம் இதுதான். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் 6.30-ஐத் தாண்டித்தான் உதிக்கிறது, எட்டு மணி வரை வெளிச்சம் மென்மையாகவே இருக்கும். நாய்களுக்கும் உற்சாகம். பனி மூட்டத்தில் கேமரா படத்தைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். சூரியனை நாய்க்குப் பின்னால் வைத்தால் முடியின் ஓரமெல்லாம் பொன்னாகும், வாயிலிருந்து ஆவி வருவதுகூடக் குளிர் அதிகமான ஊர்களில் தெரியும். போகியன்று காலை மட்டும் வேண்டாம், புகை நாய்க்கு ஆகாது.

கிழக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். காலையில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. கடல் பின்னால் தெரிய எடுத்தால் முகம் இருட்டும், முகத்தில் வெளிச்சம் வேண்டுமென்றால் ஊர்தான் பின்னால் தெரியும். உதித்த சில நிமிடங்களுக்குள் பக்கவாட்டில் நிறுத்தி எடுப்பது நல்ல வழி. இன்னொன்றும் உண்டு, இது படத்தைவிடப் பெரியது: ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். நாய்கள் அந்தக் குழிகளைத் தோண்டிவிடும். இந்த மாதங்களில் மணலில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள், கயிற்றோடு ஈர மணலில் நடத்துங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரை போகும். ஆனால் எச்சரிக்கை மார்ச்சிலேயே தொடங்க வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் நன்றாக வராது. மே மாதம் 5.45-க்கே விடிந்துவிடும். 5.30-க்கு இடத்தில் இருங்கள், ஏழு மணிக்கு மூட்டை கட்டுங்கள்.

மாலையில் எடுப்பதானால் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு நொடி எண்ணுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் முடியாது. சூரியன் இறங்கிய பிறகும் தார் வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், புல்லும் மண்ணும் சீக்கிரம் ஆறும். பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களை இந்த மாதங்களில் மாலையில் வெளியே எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுத் தாழ்வாரத்தில் எடுங்கள். நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் பிசினாகி, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணக் குளிர்ந்த நீரால் உடம்பை நனைத்து, விசிறியபடியே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கோடைக்கு அழகும் உண்டு. சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும், மயிற்கொன்றை சிவப்பாகப் பூக்கும். பூ உதிர்ந்த தரையில் நாயைப் படுக்க வைத்தால் வேறு அலங்காரம் வேண்டாம். வேம்பு, புங்க மரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழும். நிழல் அடர்ந்து முடியும் விளிம்பில், முகம் வெளிப்பக்கம் பார்க்க உட்கார வையுங்கள். வெள்ளை நாய் மேல் இலைப் பச்சை படிந்தால் ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமன்பாட்டு அமைப்பில் சரிசெய்யலாம்.

ஆனி, ஆடி, ஆவணி

கோவை, பொள்ளாச்சி, தேனி பக்கம் காற்றுதான் எல்லாமே. காற்று வரும் திசையைப் பார்த்து நாயை நிறுத்துங்கள், காதும் முடியும் பின்னால் பறந்து முகம் திறந்துவிடும். முந்தானையும் அதே திசையில் பறக்கும். குற்றாலம், வால்பாறைச் சாரலில் அட்டை ஏறும். வனக் காப்பகங்களுக்குள் வளர்ப்பு நாய்க்கு அனுமதி கிடையாது, ஆகவே தோட்டம், தோப்பு, வீட்டு முற்றம் என்றே திட்டமிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை

மழைக்காலம் என்றதும் பலர் கேமராவைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இந்த மாதங்கள் மேல் தனிப் பிரியம். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், பகல் பதினோரு மணிக்கும் எடுக்கலாம். கறுப்பு நாய்க்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, முடியின் ஒவ்வொரு இழையும் தெரியும். மழை விட்ட இடைவெளியில் தேங்கிய நீரில் பிம்பம் பிடிக்கலாம். நனைந்த நாய் உடம்பை உதறும் நொடியை 1/2000-ல் பிடியுங்கள், பக்கத்தில் நிற்கும் குடும்பமே சிரித்துக்கொண்டு சிதறி ஓடும்.

ஆனால் தேங்கிய நீரில் எலி மூத்திரம் கலந்து எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நாய்க்கு அதற்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், தேங்கிய நீரைக் குடிக்க விடக் கூடாது. தீபாவளியை ஒட்டிய வாரத்தில் படம் வேண்டாம். வெடிச் சத்தத்தில் பல நாய்கள் நாள் முழுக்க நடுங்கும், அவிழ்ந்தால் ஓடித் தொலைந்துவிடும்.

கேமராவுக்கும் இது கஷ்ட காலம். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வைத்திருங்கள்.

தெருநாயின் குடும்பம்

குடும்பம் என்றால் ஒரே வீடு என்று நினைக்க வேண்டாம். காது நுனியில் கருத்தடை அடையாள வெட்டு உள்ள ஒரு நாட்டு நாய்க்குக் காலையில் டீக்கடை அண்ணன் பன் போடுவார், மதியம் இஸ்திரிக்கார அக்கா சோறு வைப்பார், இரவில் அது காவலாளியின் நாற்காலிக்கு அடியில் தூங்கும். மூன்று பேரும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். இவர்களையும் எடுங்கள். நாயை எங்கும் கூட்டிப் போக வேண்டாம், அது இருக்கும் இடத்திலேயே, அது சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு எடுங்கள். சாப்பிடும்போது கிட்டே போகாதீர்கள். ஆட்களிடம் முதலிலேயே கேட்டு அனுமதி வாங்குங்கள், தெருவின் பெயர் தெரியும்படி எதையும் வெளியிடாதீர்கள். தெருநாய்க்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தொல்லை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

படம் எடுத்து முடிந்ததும்

முதலில் நாய்க்குத் தண்ணீர். பிறகு காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று குடும்பத்தோடு சேர்ந்து பாருங்கள். கடற்கரைக்குப் போனவர்கள் நாயின் கால் உப்பைக் கழுவுங்கள், லென்ஸை உப்புத் தூசியோடு தேய்க்காமல் முதலில் ஊதித் துடையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் பதிந்து வையுங்கள். தேர்ந்தெடுக்கும்போது நாயின் கண் தெளிவாக உள்ளவற்றை முதலில் பிரியுங்கள், அவற்றுள் மனித முகங்களைப் பாருங்கள். கோப்பின் பெயரில் மாதத்தையும் நாயின் வயதையும் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் அதே மரத்தடிக்கு அதே குடும்பத்தை அழைக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வயதான நாய் என்றால் அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டாம், மழை விட்ட ஏதாவது ஒரு காலையில் போய்விடுங்கள். நல்ல படம் இரண்டையாவது காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள், பாட்டிக்கு ஒன்று, டீக்கடைச் சுவருக்கு ஒன்று.